பிளாஷ் அடித்து வெளுத்த பிள்ளைகள்

பிள்ளைகளைப் படம் பிடிக்கிற தொழிலில் பிள்ளைகளால் வருகிற தொல்லை கால்வாசிதான். மிச்சம் முக்கால்வாசியும் அவர்களைப் பெற்றவர்களால் வருகிறது. இதை வாசிக்கிறவர்களில் சட்டை தைக்கிறவர்கள், தலைமயிர் வெட்டுகிறவர்கள், கலியாண வீட்டுக்குப் பலகாரம் சுட்டுக் கொடுக்கிறவர்கள் யாராவது இருந்தால் நான் சொல்வது விளங்கும். நாம் செய்து கொடுத்ததை ஒருவர் கையில் வாங்கி, முகத்தைச் சுளித்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோவாரே, அந்த அரை நிமிஷத்தைச் சொல்கிறேன். அந்த அரை நிமிஷத்தில் நாம் எல்லோரும் ஒரே சாதி.

அறுபதுகளின் நடுவில் மட்டக்களப்பு நகரத்தில் ஒரு ஸ்ரூடியோவில் வேலைக்கு இருந்தேன். ஊர் தேற்றாத்தீவு. இரண்டு வருஷம் இருட்டறையில் தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் நின்று படம் கழுவினேன். விரல் நுனி மருந்தில் ஊறிப் பழுப்பாகிவிட்டது. சோறு பிசைந்தாலும் அந்த மணம்தான். பிறகு முதலாளி சூசைப்பிள்ளைக்குக் கண் மங்கத் தொடங்கியது. பெரியவர்களை விளக்குகளுக்கு நடுவில் இருத்தி, நாடியைப் பிடித்துத் திருப்பி, ஆறுதலாகப் பார்த்து எடுத்துவிடுவார். பிள்ளைகள் அந்தச் சூட்டில் இருக்கவும் மாட்டார்கள், ஆடாமல் நிற்கவும் மாட்டார்கள். அவர்களுக்குப் பிளாஷ்தான். பல்பைச் செருகி அமத்தினால் மின்னல்போல ஒரு வெட்டு, அதோடு பல்ப் கருகிவிடும். அடுத்த படத்துக்கு அடுத்த பல்ப். அந்த வேலைக்கு நல்ல கண்ணும் கெதியான கையும் வேண்டும். இரண்டும் என்னிடம் இருப்பதாக நான் நினைத்தேன்.

முதலாளி கமராவை என் கழுத்தில் மாட்டும்போதே நிபந்தனையையும் மாட்டினார். கத்தோலிக்கப் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது. அந்த ஒரு வாரத்தில் எங்கள் ஸ்ரூடியோவுக்கு நாற்பது பிள்ளைகளுக்குக் குறையாமல் வருவார்கள். “புதுநன்மை வரைக்கும் பிளாஷ் உன்ட கையில. அந்தப் படங்கள் திரும்பி வராட்டி அதுக்கு மறுகாவும் உன்ட கையிலதான். திரும்பி வந்தா நான் கொழும்பில இருந்து ஆள் எடுப்பன், நீ தொட்டிக்குப் போ” என்றார். அந்தத் தொட்டிக்குத் திரும்பிப் போக எனக்கு மனமில்லை. ஆகவே நாலு மாதத்தில் நல்ல படக்காரன் ஆவது என்று முடிவு செய்தேன். என் முட்டாள்தனம் அங்கேதான் தொடங்கியது.

மூக்கில்லாத முதல் பிள்ளை

முதலில் வந்தது கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் கிளாக்கராக இருந்த ஒருவரின் மகள், நாலு வயது. தாய் அவளுக்கு அரை டப்பா பவுடர் பூசிக் கொண்டுவந்தாள். நான் பிள்ளை ஓடிவிடும் என்ற பயத்தில் மூன்றடி தூரத்தில் போய் நின்று அடித்தேன். படம் கழுவி எடுத்தால் சட்டைக்கு மேலே ஒரு வெள்ளைப் பீங்கான் இருக்கிறது. பீங்கானில் இரண்டு கண், இரண்டு மூக்குத் துவாரம். மூக்கு இல்லை, கன்னம் இல்லை. பின்சுவரில் தார் பூசின மாதிரி கன்னங்கரேலென்று ஒரு நிழல், அதற்கு மட்டும் மூக்கு இருந்தது. முதலாளி ஒரு பிரதியை எடுத்து இருட்டறைக் கதவில் ஊசி குத்தி மாட்டினார். தினமும் போகும்போதும் வரும்போதும் அதை நான் பார்க்கவேண்டும் என்பது தண்டனை.

இரண்டு நாள் மன்னிப்புக் கேட்பதற்கு வசனம் பாடமாக்கினேன். எங்கள் முன்மேசையில் இருந்து படம் கொடுக்கிறவர் எஸ்தர் அக்கா. மெதடிஸ்த கோயிலுக்குப் போகிறவர், யாருக்கும் பயப்படாதவர். அவரே அந்தப் படத்தைக் கவிழ்த்துத்தான் கொடுத்தார். தாய் வாங்கினாள், வாசலுக்குப் போனாள், வெளிச்சத்தில் பிடித்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் முகமெல்லாம் பல்லாகத் திரும்பி வந்து சொன்னாள்: “இஞ்ச பாருங்க அக்கா, எங்கட புள்ள இவ்வளவு வெள்ளை எண்டு எனக்கே தெரியாமப் போச்சு.”

கண் மூடிய மகன்

பாராட்டைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. குப்பையைக் குப்பை என்று தெரியாத சனம் என்று எஸ்தர் அக்காவிடம் புறுபுறுத்தேன். பிளாஷின் வாயில் என் கைலேஞ்சியை இரண்டாக மடித்துக் கட்டினேன். வெளிச்சம் கொஞ்சம் அடங்கியது. அடுத்தது வெல்லாவெளியில் வயல் செய்கிற ஒருவருடைய மகன். நாலு பெண்ணுக்குப் பிறகு பிறந்தவன், மூன்று வயது. படத்தைக் கழுவும்போதே மூக்குத் தெரிந்தது. மூக்குக்குக் கீழே உதட்டின் மேடு பள்ளம் தெரிந்தது. இருட்டறையில் தனியே நின்று சிரித்தேன். அந்தச் சிரிப்போடு படத்தைக் காயவைத்து, வெட்டி, உறையில் போட்டு மேசைக்கு அனுப்பிவிட்டேன்.

பையனுக்குக் கண் மூடியிருந்தது. வெட்டுகிற வெளிச்சத்தில் பிள்ளைகள் கண்ணைச் சிமிட்டுவது வழக்கம்தான். ஆனால் அந்தக் காலத்தில் கைப்பிள்ளைகள் செத்துப்போனால் அடக்கம் செய்யமுதல் எங்கள் முதலாளியைத்தான் கூப்பிட்டுப் படம் எடுப்பார்கள். கண் மூடிய பிள்ளையின் படம் என்றால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே ஒரு அர்த்தம். தகப்பன் படத்தைத் தொடவில்லை. எஸ்தர் அக்கா அதைக் கவிழ்த்து வைத்தபிறகுதான் அந்த மனிதர் நிமிர்ந்தார். நெகட்டிவைக் கொண்டுவரச் சொன்னார், தன் கண்ணுக்கு முன்னால் நாலாக வெட்டச் சொன்னார், நாலு துண்டையும் சால்வைத் தலைப்பில் முடிந்துகொண்டார். மகனை மடியில் இருத்தி மறுபடியும் எடுக்க விட்டார், அதுவே பெரிய காரியம். எனக்கோ நல்ல மூக்கு ஒன்று வீணாய்ப் போகிறதே என்று உள்ளே எரிந்துகொண்டிருந்தது, அதை வாய்விட்டும் சொல்லிவிட்டேன். அவர் எழும்பும்போது என்னைப் பார்த்துச் சத்தம் போடாமல் சொன்னார்: “மூக்கைப் பாத்த உனக்குக் கண்ணைப் பாக்கக் கிடைக்கல்லையா தம்பி.”

துடைத்து எடுத்த பொட்டு

இதில் என்மேல் ஒரு பிழையும் இல்லை என்று இன்றும் நான் சாதிப்பேன். நெகட்டிவில் பென்சில் முனையால் மெதுவாகத் தொட்டால் அந்த இடம் படத்தில் வெளுக்கும். பரு, தழும்பு எல்லாம் அப்படித்தான் மறையும். அதைப் பழகியிருந்த நேரத்தில் உன்னிச்சைப் பக்கமிருந்து ஒரு தாய், பத்து மாதக் குழந்தையோடு வந்தாள். குழந்தையின் இடது கன்னத்தில் கண்ணூறுக்கு வைத்த கறுப்புப் பொட்டு. பஸ்ஸில் வந்த வேர்வையில் அது பாதி வழிந்து, பிளாஷ் வெளிச்சத்தில் கன்னத்தில் ஓட்டை விழுந்தமாதிரி இருந்தது. மூன்று மணித்தியாலம் குனிந்திருந்து, கழுத்து விறைக்க விறைக்க, பொட்டு இருந்த தடமே தெரியாமல் எடுத்துவிட்டேன். அப்படிச் சுத்தமான வேலையை முதலாளிகூடச் செய்திருக்கமாட்டார்.

“பொட்டு எங்க?” என்றாள். நான் பெருமையாக விளக்கம் சொன்னேன். அவள் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். “புள்ளைய வீட்டுக்குள்ள ஒளிச்சாவது வைக்கலாம். படத்தைச் சுவரில மாட்டினா வாறவன் போறவன் எல்லாரும் பாப்பான். பாக்குறதுக்குத்தானே மாட்டுற. அப்ப புள்ளைக்கா படத்துக்கா பொட்டு வேணும், சொல்லு.” இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? தூரிகையைக் கறுப்பு மையில் தோய்த்து, மூன்று மணித்தியால உழைப்பின்மேல் கடுகளவு பொட்டு ஒன்று வைத்தேன். அவள் எட்டிப் பார்த்தாள்: “கொஞ்சம் பெரிசா வை தம்பி, கண்ணூறு சின்னதா வாறல்ல.”

நிழலைக் காட்டும்

கொழும்பிலிருந்து மருந்துப் போத்தல் வந்த பெட்டிக்குள், போத்தல் உடையாமல் திணித்திருந்த பழைய இங்கிலீசுச் சஞ்சிகையின் தாள்கள் கிடைத்தன. அதில் ஒரு தாளில் எனக்கு வேண்டியது இருந்தது. பிளாஷைப் பிள்ளையின் முகத்துக்கு நேரே பிடிக்காதே, வெள்ளையான ஒன்றின்மேல் அடி, அதில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் பிள்ளைமேல் விழட்டும் என்று எழுதியிருந்தது. எங்கள் சுவர் பச்சை, முகடு ஒட்டறை. ஆகவே என்னுடைய திருவிழா வேட்டியை இரண்டு கம்பில் கட்டி நிறுத்தினேன். கமராவின் கண்ணை எவ்வளவு அகலத் திறக்கவேண்டும் என்று தெரியாமல் எஸ்தர் அக்காவை இருத்தி நாலு பல்ப் கரித்தேன். ஐந்தாவதில் பிடிபட்டது. பின்சுவரில் நிழல் இல்லை. கன்னம் உருண்டு வந்தது, நெற்றிமயிர் ஒவ்வொன்றாக நின்றது. முதலாளி படத்தை மூக்குக்கு முன்னால் வைத்து வெகுநேரம் பார்த்தார், திருப்பித் தந்தார். கதவில் மாட்டவில்லை என்றால் அவரிடம் அது பரிசு.

அந்த முறையில் முதல் எடுத்தது ஒரு பள்ளிக்கூடத் தலைமை வாத்தியாரின் இரட்டைப் பையன்களை. வாத்தியார் படத்தை வாசலுக்குக் கொண்டுபோனார், பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். பிறகு, நான் பிளாஷ் என்று சொல்லி ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்து ஏமாற்றிவிட்டேன் என்றார். ஊரில் எல்லார் வீட்டுப் பிளாஷ் படத்திலும் தலைக்குப் பின்னால் கறுப்பு நிழல் நிற்கிறது, தன் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் இல்லை என்பது அவர் வாதம். அந்த நிழலைப் போக்கத்தான் நான் தலைகீழாய் நின்றேன் என்பதை அவருக்கு எப்படி விளக்குவது? குப்பைக் கூடையைக் கிளறிக் கருகின பல்பை எடுத்து மேசையில் வைத்தேன். வாத்தியார் அதைச் சுட்டுவிரலால் உருட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பல்ப் ஆரிட புள்ளைக்கும் கருகும். நீர் நிழலைக் காட்டும்.”

புதுநன்மைப் பிள்ளைகள்

கடைசியில் அந்த வாரம் வந்தது. நாற்பத்திரண்டு பிள்ளைகள். வெள்ளைச் சட்டை, தலையில் வெள்ளை வலை, கையில் பூக் கட்டின மெழுகுதிரி, வாயோரத்தில் கேக் துகள். வெள்ளை உடுப்புக்குப் பிளாஷ் அடிப்பது எவ்வளவு சிரமம் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். கொஞ்சம் கூடினால் சட்டை ஒரு வெள்ளைத் திட்டு, கை எது மடிப்பு எது என்று இருக்காது. ஒவ்வொரு வாயையும் நானே துடைத்தேன். தூரத்தை அடிமட்டம் வைத்து அளந்தேன். வேட்டியை மூன்று தடவை தோய்த்தேன். கண் மூடினதை அங்கேயே மறுபடி எடுத்தேன். நாற்பத்திரண்டு படமும் காய்ந்து மேசையில் பரவிக் கிடந்தபோது சட்டை மடிப்பை எண்ணலாம், வலையின் நூலை எண்ணலாம். முகங்கள் அந்த முகங்களாகவே இருந்தன. வாவிக்கரை வெயிலில் விளையாடுகிற பிள்ளைகளின் முகம் என்ன நிறமோ அந்த நிறம். முதலாளி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, கடைசிப் படத்தைக் கீழே வைத்து, “இது படம்” என்றார். இரண்டரை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அன்றைக்குத்தான்.

முதல் நாள் ஆறு திரும்பியது. அடுத்த நாள் பதினொன்று. புள்ளைய வெயிலில காயப்போட்டு எடுத்தயளா என்று ஒருத்தி கேட்டாள். இவ்வளவு பவுடர் பூசினது எங்க போச்சு என்று ஒருத்தி. கச்சேரிக் கிளாக்கரின் மனைவி தன் மூத்த மகனின் படத்துக்குப் பக்கத்தில், நான் முதன்முதலில் எடுத்த அவள் மகளின் பீங்கான் முகத்தை வைத்துக் காட்டி, பழகப் பழக நான் மோசமாகிவிட்டேன் என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “உங்கட புள்ள கறுப்பு அக்கா, அதுக்கு நான் என்ன செய்யுற? நீங்களும் கறுப்புத்தான், நானும் கறுப்புத்தான்” என்று மேசைக்கு மேலால் சொல்லிவிட்டேன். எஸ்தர் அக்கா குனிந்து உறைகளை அடுக்கினார். முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டார்.

நீங்கள்தானே இது படம் என்று சொன்னீர்கள் என்று அவரிடமும் பாய்ந்தேன். அவர் கோபப்படவில்லை. மருந்துப் போத்தலின் மூடியைத் திருகி இறுக்கிக்கொண்டே சொன்னார்: “ஓம், நல்ல படம் எண்டு சொன்னதுதான். இப்ப எல்லாத்தையும் வெளுக்கப் போடு, இல்லாட்டி நான் கொழும்புக்குக் கடிதம் எழுதுறன்.”

றேந்தை

வெளுக்கப் போடுவது கடினமில்லை. தாளில் விழுகிற வெளிச்சத்தைக் குறைத்தால் படம் வெளுத்துவிடும். முகம் வெளுக்கும்போது மடிப்பும் வலையும் சேர்ந்து போகும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டேன். ஒரு வீட்டுப் பிள்ளை வெளுத்ததைக் கண்டு அடுத்த வீடும் தன் படத்தைக் கொண்டுவந்தது. ஒரே ஒரு படம் மட்டும் திரும்பவில்லை. வாவியில் மீன் பிடிக்கிற ஒருவரின் மகள் பிலோமினா. தாய் திரேசம்மா படத்தை வாங்கியபோது முகத்தைப் பார்க்கவே இல்லை, கழுத்தைத்தான் பார்த்தாள். சட்டையின் கழுத்துக்கும் மணிக்கட்டுக்கும் அவளே ஒரு மாதம் குந்தியிருந்து நூலால் பின்னின றேந்தை வைத்துத் தைத்திருந்தாள். படத்தில் அதன் ஒவ்வொரு கண்ணும் தெரிந்தது. விரலை வைத்து எண்ணிப் பார்த்து, சீலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு போனாள். நாற்பத்திரண்டில் ஒருத்தியாவது இருக்கிறாளே என்று போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இரண்டு கிழமை கழித்து அவள் வந்தாள். பிலோமினா உள்ளே வராமல் வாசலில் முதுகைக் காட்டிக் கிறுகி நின்றுகொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தங்கள் படங்களைக் கொண்டுவந்து ஒரு வாங்குப் பலகையில் வரிசையாகப் பரப்பினார்களாம். எல்லாம் வெள்ளை, நடுவில் இவள் ஒருத்தி. இது ஆர் என்று கேட்டார்களாம். தெரியாமல் கேட்டவர்களும் இல்லை, எல்லாரும் இவளோடு படிக்கிறவர்கள். மூன்று நாளாய்ப் பிள்ளை பள்ளிக்குப் போகவில்லை. இதையும் வெளுத்துத் தாங்க என்று திரேசம்மா படத்தை மேசையில் வைத்தாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தை யார்மேல் கொட்டுவது என்று தெரியவில்லை, அவள்மேலேயே கொட்டினேன். நாற்பத்தொரு படமும் பொய், உங்கட புள்ளையிட படம் ஒன்றுதான் உண்மை என்றேன். அதை மாற்றச் சொல்ல உங்களுக்கு வெட்கமில்லையா என்றும் கேட்டேன். அப்படிக் கேட்டதற்கு இன்றைக்கும் எனக்குத்தான் வெட்கம். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசி ஆயுதமாக, முகத்தையும் கையையும் வெளுத்தால் அவற்றைச் சுற்றியுள்ள றேந்தை அடியோடு மறைந்துவிடும், ஒரு கண்கூட மிஞ்சாது என்றேன். அவள் படத்தை ஒருதரம் தூக்கிப் பார்த்தாள். கழுத்தடியில் விரலால் தடவினாள். பிறகு என் பக்கம் தள்ளிவிட்டாள்: “றேந்தை போனாப் போகட்டும் தம்பி. புள்ள பள்ளிக்குப் போகணும்.”

அந்தப் படத்தை நானே போட்டேன், நானே தொட்டியில் கழுவினேன். பிலோமினா வாங்கிப் பார்த்துவிட்டுச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு தாய்க்கு முன்னால் நடந்தாள். முதலாளி கொழும்புக்குக் கடிதம் எழுதவில்லை.

அதற்குப் பிறகு பதினொரு வருஷம் பிளாஷ் என் கையில்தான் இருந்தது, அந்தப் பதினொரு வருஷத்தில் மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு கறுத்த பிள்ளைகூடப் பிறக்கவில்லை என்பதற்கு என் படங்களே சாட்சி.